இது யாரு நம்பருங்க?

கோவை கோபாலபுரத்தில் வக்கீல் தாஜுன்னிசாவின் ஆபீசுக்கு முதன்முறை வருகிறவர்கள் அநேகமாக ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். உள்ளே நுழைந்து அவளைப் பார்ப்பார்கள், பக்கத்து அறையை எட்டிப் பார்ப்பார்கள், பிறகு "வக்கீல் சார் இல்லீங்களா?" என்பார்கள். இருபத்தொரு வருடமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் கோபம் வருவதுகூட நின்றுபோய்விட்டது. "நான்தாங்க வக்கீல் சார், உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த அம்மாள் அப்படிக் கேட்கவில்லை. நேராக வந்து உட்கார்ந்தார். துணிப்பையை மேஜைமேல் வைத்தார்.

"ஏனுங் அம்மணி, நான் உசுரோட இருக்கறேன்னு டாக்டரு எதுக்குங்க எழுதிக் குடுக்கோணும்?" என்றார்.

பெயர் பழனாத்தாள். வயது அறுபத்து நான்கு. சூலூரைத் தாண்டி உள்ளே போனால் ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு, அதன் நடுவே ஓட்டு வீடு, நான்கு மாடுகள். எல்லாம் அவர் பெயரில்தான் இருக்கிறது. கணவர் இருக்கும்போதே அப்படிக் கிரயம் வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரே மகன் கிருபாசங்கர், மனைவி குழந்தைகளோடு காளப்பட்டிப் பக்கம் அபார்ட்மெண்டில் இருக்கிறான். போன வாரம் சர்க்கரை பார்க்கலாம் என்று அம்மாவைக் காரில் கூட்டிப்போயிருக்கிறான். டாக்டர் போட்டோ ஒட்டிய ஒரு தாளில் அம்மாளிடம் கையெழுத்தும் பெருவிரல் ரேகையும் வாங்கி, சீல் குத்தி, மகனிடம் கொடுத்துவிட்டார்.

"அங்க ஒண்ணும் தோணலீங்க. ஊட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டறப்பத்தான் ரோசனை வந்துச்சு. சர்க்கரைன்னா ரத்தம்ல எடுக்கோணும்? அந்தத் தாளைப் பத்தி ஒருத்தர்கிட்டச் சொல்லிக் கேட்டேன். உசுரோட இருக்கறதுக்குச் சர்டிபிகேட்டுன்னாரு."

தாஜுன்னிசாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

"இதுக்கு முன்னால பையனுக்கு ஏதாச்சும் பவர் எழுதிக் குடுத்தீங்களாம்மா?"

"குடுத்தனுங்க, ரண்டு வருசமாச்சு. ஈபி ஆபீசு, தாலூக்கா ஆபீசுன்னு அலையறதுக்கு ஆகுமுன்னு சங்கரு சொன்னான்."

பையிலிருந்து பவர் பத்திரத்தின் நகல் வந்தது. மூன்றாம் பக்கத்தில், மின்வாரியத்துக்கும் தாலூக்காவுக்கும் கீழே, விற்கவும் கிரயம் எழுதிக் கொடுக்கவும் உரிமை என்று தெளிவாக இருந்தது. பவரை வைத்து ஒருவர் நிலத்தை விற்க வேண்டுமானால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் சமீபத்தில் வாங்கிய சான்று வேண்டும். கிருபாசங்கர் அதை வாங்கியாயிற்று. ஆக, தோப்பை விற்கப்போகிறான். அதுவும் அடுத்த மாதமோ அடுத்த வருடமோ அல்ல, இந்த வாரத்திலேயே.

அவள் அதைச் சொன்னபோது பழனாத்தாள் அம்மாள் அழவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தோப்புக்கூடப் போகுதுங்க. ஊடு அதுக்குள்ளதானுங்க இருக்குது. நான் எங்க போறது? மாட்டை எங்க கட்டறது? அவன் இருக்கறது மூணாவது மாடிங்க அம்மணி."

"பையன்கிட்டக் கேட்டீங்களாம்மா?"

"கேட்டா இல்லேம்பான். அவனைப் பொய் சொல்ல வெச்ச பாவம் எனக்கு எதுக்குங்க?"

செய்ய வேண்டிய வேலை சின்னது. பவரை ரத்து செய்து ஒரு பத்திரம் எழுத வேண்டும்; அம்மாள் நேரில் போய் அதைப் பதிய வேண்டும். மகன் விற்பதற்கு முன்னால் அது நடக்க வேண்டும், மகனுக்குத் தெரியாமல் நடக்க வேண்டும். அவ்வளவுதான்.

இங்கே தாஜுன்னிசாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து அவள் செய்த தவறு வெறும் கவனக்குறைவாகத் தெரியும். கணபதிப் பகுதியில் ஒரு பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டியவரின் மகள். மருதமலை ரோட்டில் சட்டக் கல்லூரி. பெரிய சீனியர், சொந்தக்கார நீதிபதி என்று யாரும் கிடையாது. அவளிடம் இருந்த மூலதனம் ஒன்றே ஒன்று, பொறுமை. கட்சிக்காரர் வந்தால் முதல் ஒரு மணி நேரம் பேனாவைத் திறக்க மாட்டாள். டீ சொல்வாள். அவர்கள் மாமன் மச்சான் சண்டையில் தொடங்கி, கிணற்றுத் தண்ணீர் முறையில் சுற்றி, கடைசியில் வழக்குக்கு வந்து சேரும்வரை "ம்", "அப்பறம்" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். எதிராளி எதைச் சொல்லுவான் என்பது பாதி நேரம் அந்தத் தேவையில்லாத பேச்சில்தான் கிடைக்கும்.

அப்புறம் எல்லாம் ஆன்லைன் ஆயிற்று. வழக்கு போடுவது, பத்திரம் பதிவது, வாய்தா பார்ப்பது, சில நாள் விசாரணையே கம்ப்யூட்டரில். பதினைந்து வருடம் கூட இருந்த குமாஸ்தா நிலைமையைப் பார்த்துச் சொந்தமாக இ-சேவை மையம் திறந்துவிட்டார். இப்போது ஸ்கேன் செய்வதும், அளவு குறைத்து ஏற்றுவதும், ஓடிபி வருமா வருமா என்று செல்போனை முறைத்துக்கொண்டிருப்பதும் தாஜுன்னிசாவின் வேலை. நான் வக்கீலா, பிரவுசிங் சென்டரா என்று அவளே வீட்டில் கேட்பாள். கட்சிக்காரர்களோ, வரும்போதே செல்போனில் ஏஐ எழுதிய பதிலோடு வருகிறார்கள். "மேடம், இதுல வேற செக்‌ஷன் போட்டிருக்குதுங்களே?" என்கிறார்கள். சில சமயம் அது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

அவளுக்குப் பயம் வந்துவிட்டது. இதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. இன்னும் ஐந்து வருடத்தில் தன் நாற்காலிக்கு எதிரே யாரும் வந்து உட்கார மாட்டார்கள் என்ற பயம். கல்லூரியில் படிக்கும் மகள் யுஸ்ரா, "நீங்களும் கத்துக்குங்கம்மா" என்று பத்திரம் எழுதித் தரும் ஏஐ ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாள். தாஜுன்னிசா கற்றுக்கொண்டாள், வெறியோடு கற்றுக்கொண்டாள். ஒரு நாள் வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்தாள். வேகம்தான் இனிப் பிழைப்பு என்று முடிவு செய்த மனுஷிக்கு டீ சொல்லி உட்கார வைத்துக் கதை கேட்க ஏது நேரம்?

ஆகவே அன்றைக்கு ரத்துப் பத்திரம் நான்கு நிமிடத்தில் தயாரானது. வரிக்கு வரி படித்துப் பார்த்தாள். ஒரு குறை சொல்ல முடியவில்லை. பதிவுத்துறைத் தளத்தைத் திறந்தாள். பெயர் கேட்டது, அடித்தாள். பழைய பத்திர எண் கேட்டது, அடித்தாள். ஆதார் எண் கேட்டது, அடித்தாள். கைபேசி எண் கேட்டது. அம்மாள் கொடுத்த ஆதார் ஜெராக்ஸின் ஓரத்தில் பேனாவால் ஒரு எண் எழுதியிருந்தது. அதைப் பார்த்து அடித்தாள். மறுநாள் மதியம் பன்னிரண்டே காலுக்கு டோக்கன் கிடைத்தது. நாளைக்கே கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டாள். அம்மாளை பஸ்ஸுக்கு அனுப்பியபோது அவர் வந்து நாற்பது நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

மதியம் கோர்ட்டில் ஒரு வாய்தா. முடித்து வந்து நான்கு மணிக்கு, நாளை ஒரிஜினல் ஆதாரையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லலாம் என்று, அதே எண்ணுக்குப் போன் செய்தாள்.

"பழனாத்தாள் அம்மாங்களா?"

"அம்மா தோப்புல இருப்பாங்க. நான் அவங்க பையன் பேசறனுங்க" என்றது ஓர் ஆண் குரல்.

போனை வைத்துவிடலாமா என்று தாஜுன்னிசா நினைத்த நேரத்தில் அந்தக் குரலே தொடர்ந்தது.

"வக்கீல் மேடம்ங்களா? மத்தியானம் மெசேஜ் வந்துச்சுங்க. பவர் ரத்து, நாளைக்குப் பன்னண்டே காலுக்கு டோக்கன்னு. நானும் யாரு போட்டாங்கன்னு பாத்துட்டே இருந்தனுங்க."

"இல்லீங்க, அது வந்து..."

"பரவால்லீங்க மேடம். உங்க வேலையை நீங்க செய்யறீங்க. போனை வெச்சரட்டுங்களா?"

குரலில் கோபத்தின் சாயல்கூட இல்லை. கத்தியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இந்த மரியாதைதான் பயமுறுத்தியது. மேஜைமேல் கிடந்த ஜெராக்ஸை எடுத்து மறுபடி பார்த்தாள். ஓரத்து எழுத்து கோணலில்லாமல், ஒரே அளவாக, ஆபீசில் எழுதிப் பழகிய கையாக இருந்தது. பழனாத்தாள் அம்மாள் கையெழுத்துப் போட்டதை அன்று காலை அவளே பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாக, மூச்சுப் பிடித்துக்கொண்டு போட்டார். இந்த எண்ணை அவர் எழுதியிருக்கவே முடியாது. இது யாரு நம்பருங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். படிவத்தில் எண்ணுக்குத்தான் கட்டம் இருந்தது, அது யாருடையது என்பதற்கு இல்லை. கட்டம் கேட்காததை அவளும் கேட்கவில்லை.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் பத்திர எழுத்தர் சுப்பண்ணனைக் கூப்பிட்டாள். பழைய பழக்கம். அந்தத் தோப்புக்கு விற்பனை ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டாள்.

"ஆமாங்க மேடம், பவர்ல ஒரு கிரயம் இருக்குதுங்க. மூணு மணிக்கு வந்து தட்கல் டோக்கன் போட்டாங்க. நாளைக்குப் பத்தே காலுக்கு. அதுக்கு முன்னால இனி டோக்கன் காலியில்லீங்க. வாங்கறவரு கோபாலசாமின்னு, சைட் போட்டு விக்கறவரு. மரத்தையெல்லாம் எடுத்துட்டு மனை போடறாங்களாமா."

பத்தே காலுக்கு விற்பனை. பன்னிரண்டே காலுக்கு ரத்து. இடையில் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தையும் அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தது வேறு யாருமல்ல, அவள்தான்.

கம்ப்யூட்டரில் ஏஐயிடம் கேட்டாள். அது பொறுமையாகப் பதில் சொன்னது: வழக்கு தாக்கல் செய்து இடைக்காலத் தடை கோரலாம், பவர் வாங்கிய முகவருக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பலாம், பத்திரிகையில் பொது அறிவிப்பு கொடுக்கலாம். எல்லாம் சரி. ஒன்றையும் நாளைக் காலை பத்தே காலுக்குள் செய்ய முடியாது. அவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். வேறு வழியில்லை, அம்மாளின் சொந்த நம்பர், அப்படி ஒன்று இருந்தால், அவளிடம் கிடையாது.

சிங்காநல்லூர் சிக்னலில் நிற்கும்போதும் ஒண்டிப்புதூர் பாலத்தில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபோதும் தன்னைத் திட்டிக்கொண்டே போனாள். திருச்சி ரோடு அன்றைக்கென்று நீண்டுகொண்டே போனது. ஆனால் திட்டுவதற்கு நடுவே மூளை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. சூலூர் வருவதற்குள் ஒப்பந்தச் சட்டத்தில் படித்தது நினைவுக்கு வந்துவிட்டது. பவர் ரத்தானது முகவருக்குத் தெரிந்த நேரத்தில் அவனைப் பொறுத்து அது முடிகிறது. வாங்குகிறவருக்குத் தெரிந்த நேரத்தில் அவரைப் பொறுத்து முடிகிறது. மகனுக்கு மெசேஜ் போய்விட்டது. அவள் செய்த தவறே அந்தப் பாதியை முடித்து வைத்திருந்தது. மீதி, வாங்குகிறவர். கையெழுத்துப் போடுவதற்கு முன் அவரிடம் பழனாத்தாள் அம்மாளே நேரில், நாலு பேர் அறிய, பவரைத் திரும்ப வாங்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் அவர் தெரியாமல் வாங்கினேன் என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்ல முடியாது. ஏஐயிடம் இப்படிக் கேட்டிருந்தால் அதுவும் இதைச் சொல்லியிருக்கும். இப்படிக் கேட்கத் தோன்றியது ஒண்டிப்புதூர் பாலத்தில்தான்.

தோப்பில் அம்மாள் பால் கறந்துகொண்டிருந்தார். தாஜுன்னிசா ஸ்கூட்டரை நிறுத்திய இடத்திலிருந்தே சொல்லிவிட்டாள்.

"அம்மா, தப்பு நடந்துபோச்சுங்க. தப்பு என்னுது. மெசேஜ் உங்க பையனுக்குப் போயிருச்சு."

பழனாத்தாள் அம்மாள் கறவையை நிறுத்தவில்லை. பால் போசி நிறைந்த பிறகுதான் எழுந்தார்.

"எல்லாத்துக்கும் அவன் நம்பருதானுங்க. கேஸு, ரேசன், ஆஸ்பத்திரி, அல்லாத்துக்கும். எனக்கு இங்கிலீசு மெசேஜைப் படிக்கத் தெரியுமுங்களா? நீங்க கேக்கவே இல்லீங்களே அம்மணி."

குற்றம் சாட்டும் தொனியே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்ற ஆச்சரியம் மட்டும்தான். தாஜுன்னிசாவுக்குத் தலை நிமிரவில்லை.

நாளைக்குச் செய்ய வேண்டியதை விளக்கினாள். அம்மாள் முகம் மாறிற்று.

"அத்தனை பேருக்கு முன்னால என்ர பையனைக் களவாணின்னு சொல்லோணுமுங்களா?"

"அப்படிச் சொல்ல வேண்டாம்மா. குடுத்ததைத் திருப்பி வாங்கீட்டேன்னு மட்டும் சொன்னாப் போதும்."

"ரண்டும் ஒண்ணுதானுங்க" என்றார் அம்மாள். மாட்டை அவிழ்த்துக் கட்டினார், சாணியை ஒதுக்கினார். அவள் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து, "காலைல கறந்து சொசைட்டிக்கு ஊத்திப்போட்டு வாரனுங்க" என்றார். வருகிறேன் என்றாரே தவிர, சொல்கிறேன் என்று சொல்லவில்லை. பவர் ரத்து என்று தாஜுன்னிசா அங்கேயே கையால் எழுதிய அறிவிப்பின் இரண்டு நகல்களில் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்தார். ஆணியில் தொங்கிய பட்டன் போனின் நம்பரையும் தாஜுன்னிசா கேட்டு எழுதிக்கொண்டாள். இந்தத் தடவை கேட்டாள்.

மறுநாள் ஒன்பதேகாலுக்கே அவள் பதிவு அலுவலகத்தில் இருந்தாள். கையில் அறிவிப்பின் இரண்டு நகல்கள், அம்மாள் முந்தின மாலையே கையெழுத்திட்டவை. ஒன்பதரைக்குப் பட்டன் போனுக்கு அடித்தாள், எடுக்கவில்லை. ஒன்பதே முக்காலுக்கும் எடுக்கவில்லை. மகன் இரவே வந்து பேசியிருந்தால்? காலையில் வந்து காரில் எங்காவது கூட்டிப்போயிருந்தால்? அவளுடைய கற்பனை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டியது.

பத்து மணிக்கு இரண்டு கார்கள் வந்தன. ஒன்றிலிருந்து வெள்ளை வேட்டி சட்டையில் அறுபது வயதுக்காரர் ஒருவர் இறங்கினார்; சுப்பண்ணன் கடையிலிருந்தபடியே அவர்தான் கோபாலசாமி என்று கண்ணைக் காட்டினார். மற்றதிலிருந்து இறங்கியவன் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, யாரையும் ஏமாற்றுகிறவன் போலவே தெரியாத ஒருவன். அவளைக் கண்டதும் கைகூப்பினான்.

"வணக்கம் மேடம். உங்களுக்குப் பன்னண்டே காலுங்களே, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

அவளும் கைகூப்பினாள். உள்ளே டோக்கன் எண்களைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். மணி பத்து ஐந்து. பத்து எட்டு. தானே போய்க் கோபாலசாமியிடம் அறிவிப்பைக் கொடுத்துவிடலாம்தான். ஆனால் தாளை வக்கீல் நீட்டினால், வக்கீல் கிளப்பிவிட்ட கதை என்று மகன் சிரித்துக்கொண்டே சொல்லுவான். அம்மாள் வந்தாக வேண்டும். அவள் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்தாள்.

பத்து பதினொன்றுக்கு டவுன் பஸ்ஸிலிருந்து பழனாத்தாள் அம்மாள் இறங்கினார். பட்டன் போன் இடுப்பில் செருகியிருந்தது; பஸ் இரைச்சலில் கேட்டிருக்காது. மகன்தான் முதலில் பார்த்தான். ஓடிப்போய்க் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான்.

"ஏம்மா பஸ்ல வந்தீங்க? சொல்லியிருந்தாக் கார்ல கூட்டிட்டு வந்திருப்பனுங்களே?"

"எதுக்கு கண்ணு உனக்குச் சிரமம்" என்றார் அம்மாள்.

பார்த்துக்கொண்டிருந்த தாஜுன்னிசாவுக்கு ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது. இவர்கள் ஒருவரையொருவர் இப்படியே மரியாதையாகப் பேசிக்கொண்டு, மரியாதையாகவே தோப்பையும் வீட்டையும் முடித்துவிடுவார்கள் போலிருந்தது. உள்ளேயிருந்து கிருபாசங்கரின் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். கோபாலசாமி எழுந்தார். அம்மாள் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மகனைத் தாண்டி நடந்து அவர் எதிரில் போய் நின்றார்.

"ஏனுங்க, தோப்பு வாங்கறவரு நீங்கதானுங்களா?"

"ஆமாங்க. நீங்க?"

"நான் பழனாத்தாள். உசுரோட இருக்கறனுங்க." கை கூப்பியபடிதான் சொன்னார். "என்ர பையனுக்குப் பவரு குடுத்திருந்தேன். அதைத் திருப்பி வாங்கிப்போட்டனுங்க. நேத்தே அவனுக்கும் தெரியும். அவன் மேல ஒரு தப்பும் இல்லீங்க. மனசு மாறுனது நான்தான்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோபாலசாமி நின்ற இடத்தில் நின்றபடி கிருபாசங்கரைப் பார்த்தார்.

"ஏந்தம்பி, தெரியுமுங்களா?"

அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாஜுன்னிசா அறிவிப்பின் இரண்டு நகல்களையும் நீட்டினாள். கோபாலசாமி ஒரு முறை முழுதாகப் படித்தார். சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, நேரம் போட்டு, ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார்.

"தெரிஞ்ச பொறவு வாங்குனா நான் நெலத்தை வாங்குல, வழக்கை வாங்கறேன்னு அர்த்தங்க. வாரனுங்கம்மா" என்று அம்மாளுக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லியிருக்கவே வேண்டாம். பவர் பத்திரம் இன்னும் பதிவுப் புத்தகத்தில் உயிரோடுதான் இருந்தது. கோபாலசாமி போனால் நாளைக்கு வேறொருவர். பன்னிரண்டே காலுக்கு அம்மாளைக் கூப்பிட்டார்கள். விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தார். கருவி ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். ஏற்கவில்லை. வருடக்கணக்கில் கயிறும் காம்பும் தென்னைமட்டையும் பிடித்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று.

"ஓடிபி அனுப்பறனுங்க. ஆதார்ல இருக்கற போன் நம்பருக்கு வரும், பத்து நிமிசத்துக்குள்ள சொல்லீருங்க" என்றார் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்.

வேண்டாம் என்று தாஜுன்னிசா சொல்வதற்குள் பொத்தானைத் தட்டிவிட்டார்.

கிருபாசங்கர் போகவில்லை. வெளியே காருக்குள் உட்கார்ந்திருந்தான். அவன் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. சும்மா இருந்தால் போதும். பத்து நிமிடம் சும்மா இருந்தால் ரத்து நின்றுபோகும். தாஜுன்னிசாவிடம் இருந்த சட்டம் எல்லாம் தீர்ந்துபோய்விட்டது. தாயின் நிலத்துக்கு வந்த எண்ணை மகனிடமிருந்து பிடுங்க எந்தப் பிரிவும் கிடையாது. அவள் அம்மாளைப் பார்த்தாள். அம்மாள் ஏற்கெனவே வெளியே நடந்துகொண்டிருந்தார்.

கார் கண்ணாடி இறங்கியது.

"கண்ணு, ஒரு நம்பரு வந்திருக்குமாமா. பாத்துச் சொல்லு."

அவன் முன்னால் பார்த்தபடியே இருந்தான். செல்போன் அவன் மடியில் கிடந்தது. தாஜுன்னிசா நான்கு அடி தள்ளி நின்றாள். கிட்டே போனால் கெட்டுவிடும் என்று தோன்றியது. ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது.

"உங்களுக்கு நான் என்னம்மா கொறை வெச்சேன்?" என்றான் அவன்.

"ஒண்ணும் கொறையில்லெ. நம்பரைச் சொல்லு கண்ணு."

அவன் போனை எடுத்தான். முகம் கோணிக்கொண்டு போனது, சின்னப் பையன் அழுகையை அடக்குவதுபோல. "நாலு, ஒண்ணு, ஒம்பது, ஒம்பது, ரண்டு, ஏழு" என்றான். அம்மாள் திரும்பி நடந்தார். நாலு ஒண்ணு ஒம்பது ஒம்பது ரண்டு ஏழு என்று முணுமுணுத்துக்கொண்டே படியேறினார். ஒன்றை விட்டுவிடுவாரோ, மாற்றிச் சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டே தாஜுன்னிசா பின்னால் போனாள். அம்மாள் ஒன்றையும் விடவில்லை. பவர் ரத்தாயிற்று. வெளியே வந்தபோது கார் இல்லை.

சுப்பண்ணன் கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். தாஜுன்னிசா டீ சொன்னாள். முதல் வாய் குடித்ததுமே ஆரம்பித்தாள்.

"அம்மா, அடுத்த தெருவுலயே ஆதார் சென்டர் இருக்குதுங்க. கையோட போய் நம்பரை மாத்தீரலாம். உங்க பட்டன் போன் நம்பரையே குடுத்தரலாம். மெசேஜ் வந்தாப் பக்கத்து ஊட்டுல காட்டிப் படிச்சுக்கலாம்."

"வேண்டாமுங்க அம்மணி."

"என்னங்கம்மா வேண்டாம்? இன்னைக்குச் சொன்னாரு, சரி. நாளைக்கு வேற ஏதாவதுக்கு உங்க ஓடிபி அவருக்குத்தானே போகும்? உங்களுக்குத் தெரியாமயே என்ன வேணாலும் நடக்கலாம். பயமா இல்லீங்களா? எனக்குப் பயமா இருக்குதுங்க."

பழனாத்தாள் அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கேஸ் வாரதுன்னா கூப்பிடுவானுங்க, அம்மா இன்னைக்கு ஊட்டுலயே இருங்கன்னு. ரேசன்ல சக்கரை போட்டா, வாங்கியாச்சுங்களாம்பான். ஆஸ்பத்திரித் தேதி வந்தாக் கூப்பிடுவான். மெசேஜ் வந்தாத்தான் கூப்பிடுவானுங்க. இல்லீன்னா மாசக்கணக்கா ஒரு போன் இருக்காது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அந்த நம்பரையும் மாத்திப்போட்டா, அவன் எதுக்குங்க என்னைக் கூப்பிடோணும்?"

மாற்றியே ஆக வேண்டும் என்பது தாஜுன்னிசாவுக்கு நூற்றுக்கு நூறு தெரியும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மாற்ற முடியாது என்பதும் தெரியும். சூலூர் பஸ் வரும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள், அம்மாள் மடியில் அந்தப் பட்டன் போனை வைத்துக்கொண்டு.